கொலராடோ காட்டில் காசில்லாமல் டென்ட் போட: லொகேஷனைத் தேடாதீர்கள், ரோட்டைத் தேடுங்கள்

"டென்வருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வண்டி டொயோட்டா ராவ்4. கேம்ப்கிரவுண்ட் எதைப் பார்த்தாலும் இடமில்லை. நேஷனல் ஃபாரஸ்ட்டில் காசே கொடுக்காமல் எங்கு வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையா? நல்ல லொகேஷன் இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்குப் பதில் எளிது: காசில்லை என்பது உண்மை, 'எங்கு வேண்டுமானாலும்' என்பது பாதி உண்மை. இரண்டாவதற்கு நான் லொகேஷன் அனுப்பப் போவதில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். நான் அனுப்பும் புள்ளிக்கு நீங்கள் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேரும்போது அங்கே வேறு யாருடைய டென்ட்டோ நிற்கும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டிருப்பார்கள், போனில் சிக்னல் இருக்காது. அந்த நேரத்தில் அடுத்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ரேஞ்சர் இல்லை, சாஃப்ட்வேர்காரன்தான். கொலராடோவில் பதினாறு வருடம்; வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இரவாவது காட்டில் படுத்துவிடுவேன். பெரும்பாலும் பைக் (Pike), சான் இசபெல், அரபாஹோ-ரூஸ்வெல்ட், ஒயிட் ரிவர் என்ற நேஷனல் ஃபாரஸ்ட் காடுகள். வயோமிங் பக்கம் இரண்டு மூன்று முறை. அதனால் இங்கே எழுதுவது கொலராடோவுக்கானது. வேறு மாநிலத்துக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கலிஃபோர்னியாவில் இதுபோன்ற இடத்தில் கேஸ் ஸ்டவ் பற்றவைக்கவே ஓர் இலவச பெர்மிட் எடுக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்கில் நினைத்த இடத்தில் டென்ட் போட்டால் அபராதம் நிச்சயம். பார்க் உள்துறையின் (இன்டீரியர் டிபார்ட்மென்ட்) கீழ் வருகிறது. ஃபாரஸ்ட் வேளாண்துறையின் கீழ், 1905ல் தொடங்கிய ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில் இருக்கிறது. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, சுரங்கம், வேட்டை எல்லாம் நடக்கும் இடம் அது. அந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் நம் டென்ட்டும் வருகிறது. கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே இப்படித் தங்குவதை டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்பார்கள். கழிப்பறை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது, மேசை கிடையாது. பெரும்பாலான காடுகளில் ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். முன்பதிவு என்ற பேச்சே இல்லை; முதலில் வந்தவருக்கு இடம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டிய ஒரே ஆவணம் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப். எம்.வி.யு.எம். என்று சொல்வார்கள். 2005ல் வந்த ஒரு விதியின்படி, எந்த ரோட்டில் எந்த வண்டி, எந்த மாதத்தில் போகலாம் என்பதை ஒவ்வொரு காடும் இந்த வரைபடமாக வெளியிட வேண்டும். இலவசம். ரேஞ்சர் ஆபீஸில் காகிதமாகவே கொடுப்பார்கள். அவென்ஸா என்ற ஆப்பில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். பார்க்க லட்சணமாக இருக்காது. கறுப்பு வெள்ளை, எழுத்து பொடிப்பொடி, மலையின் ஏற்ற இறக்கம் எதுவும் காட்டாது. முதல் முறை பார்த்தபோது கோலப்பொடியில் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் எனக்கு இருந்தது. ஆனால் சட்டம் இதில்தான் இருக்கிறது. இந்த வரைபடத்தில் இல்லாத ரோடு, நேரில் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கேட் இல்லாமல் திறந்தே கிடந்தாலும், வண்டிக்கு மூடிய ரோடுதான்.

அதில் தேட வேண்டியது என்ன? சில ரோடுகளின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக ஓடும். அந்தப் புள்ளி இருக்கும் நீளம் முழுக்க, ரோட்டை விட்டு வண்டியைக் கொஞ்சம் உள்ளே இறக்கி முகாம் போடலாம் என்று அர்த்தம். 'கொஞ்சம்' எவ்வளவு என்பது காட்டுக்குக் காடு மாறும். பல இடங்களில் 300 அடி, சில இடங்களில் 150 அடி. வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். புள்ளி இல்லாத ரோட்டில் வண்டியை இறக்கக் கூடாது. ஆனால் தடைப் பலகை இல்லாத பட்சத்தில், ரோட்டோரமாக யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்திவிட்டு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து போய்ப் போடுவது பொதுவாக அனுமதிக்கப்பட்டதுதான். இந்த இரண்டாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. இருநூறு அடி நடக்கச் சோம்பல் படாதவருக்குச் சனிக்கிழமை மதியம்கூட இடம் கிடைத்துவிடும்.

அப்புறம், வரைபடத்தில் இருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அங்கே ரோட்டு எண்ணுக்கு எதிரே தேதிகள் இருக்கும்: இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை திறந்திருக்கும் என்று. பத்தாயிரம் அடிக்கு மேலே போகும் ரோடுகளில் பல, ஜூன் நடுவில்தான் திறக்கும். மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறைக்கு ஆசையாகக் கிளம்பிப் போய்ப் பனிக்கட்டிக்கு முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். நானே ஒரு வருடம் அப்படித் திரும்பியவன்தான்.

எம்.வி.யு.எம்.மில் ரோடு கிடைத்ததும், அதே ரோட்டைச் சாட்டிலைட் படத்தில் பாருங்கள். வீட்டில் நான் செய்வது இதுதான்: வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் போனில் எம்.வி.யு.எம். புள்ளி போட்ட ரோட்டைப் பிடித்துக்கொண்டு படத்தை மெல்ல நகர்த்துவேன். ரோட்டிலிருந்து ஒரு வாலைப் போலச் சின்னதாகப் பிரிந்து மரங்களுக்குள் போய் வட்டமாக முடியும் தடங்கள் தெரியும். வட்டத்தின் நடுவே புல் இல்லாத வெளுத்த மண். இன்னும் பெரிதாக்கினால் கறுப்பாக ஒரு பொட்டு. அது பழைய நெருப்புக் குழி. யாரோ பல வருடமாகத் தங்கி வந்த இடம் அது. ஒரே ரோட்டில் இப்படி ஐந்தாறு கிடைத்தால் அந்த ரோடு போதும். குறித்துவைத்துக்கொள்வேன். உயரக்கோடுகள் உள்ள கையா, ஆன்எக்ஸ் போன்ற ஆப்பில் சரிவையும் பார்த்துவிடுவேன். கோடுகள் நெருக்கமாக இருந்தால் ராத்திரி முழுக்க ஸ்லீப்பிங் பேகோடு வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஐஓவர்லேண்டர், டிர்ட், கேம்பெண்டியம் போன்ற முகாம் தேடும் ஆப், இணையதளங்களில் மற்றவர்கள் போட்ட லொகேஷன் புள்ளிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பயன் உண்டு, குறிப்பாக ரோடு எப்படி இருக்கிறது, சிக்னல் இருக்கிறதா என்பதற்கு. ஆனால் அந்தப் புள்ளியைப் போட்டவருக்கு விதி தெரிந்திருந்தது என்று எந்த உறுதியும் இல்லை. இதில் நான் பட்டிருக்கிறேன். இங்கே வந்த புதிதில் ஓர் ஆப்பை நம்பி ஒரு பள்ளத்தாக்குக்குப் போனோம். அருமையான புல்வெளி, ஓடை. டென்ட் போட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. பதினொரு மணிக்கு வெளியே டார்ச் வெளிச்சம். ஒரு பெரியவர், கையில் நாயைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "இது என் இடம், இதோடு இந்த மாதத்தில் நீங்கள் நாலாவது ஆள்" என்றார். இருட்டில் டென்ட்டைச் சுருட்டி வண்டிக்குள் திணித்தது மனைவிக்கு இன்னும் மறக்கவில்லை. காட்டுக்கு நடுவே தனியார் நிலம் எப்படி வந்தது? 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, தாது கிடைத்த நிலத்தைப் பட்டா வாங்கித் தனதாக்கிக்கொள்ள முடிந்தது. சுரங்கம் போய்விட்டது, பட்டா நின்றுவிட்டது. கொலராடோவின் பழைய சுரங்கப் பகுதிகளில் நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள் இப்படி நீளநீளமான துண்டுகள் நிறைய. கூகுள் மேப்பில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். நில உரிமையைக் காட்டும் அடுக்கு கையாவிலும் ஆன்எக்ஸிலும் இருக்கிறது. ஒரு சீசன் மட்டுமாவது காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அதேபோல ஸ்டேட் வைல்ட்லைஃப் ஏரியா என்று பலகை இருந்தால் அது நேஷனல் ஃபாரஸ்ட் இல்லை, மாநிலம் நிர்வகிக்கும் நிலம். வேட்டை அல்லது மீன்பிடி உரிமமோ அதற்கான பாஸோ இல்லாமல் உள்ளே நுழையவே கூடாது. வில்டர்னஸ் என்று பலகை இருந்தால் நேஷனல் ஃபாரஸ்ட்தான், ஆனால் 1964 சட்டப்படி அங்கே சக்கரம் வைத்த வண்டி எதுவும் போகக் கூடாது, சைக்கிள் உட்பட. நெடர்லாண்ட் என்ற ஊருக்கு மேற்கே இருக்கும் இந்தியன் பீக்ஸ் வில்டர்னஸில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை இரவு தங்கத் தனியாக பெர்மிட் வேண்டும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிமேல் சொல்வது மாறிக்கொண்டே இருப்பது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் எழுதிய வலைப்பதிவுகளில் 'இந்த ரோட்டில் எங்கும் தங்கலாம்' என்று இருக்கும் பல இடங்களில் இன்று அப்படித் தங்க முடியாது. கூட்டம் கூடிவிட்டது, குப்பையும் மலமும் கூடிவிட்டன, அதனால் ஃபாரஸ்ட் சர்வீஸ் எண் போட்ட கம்பங்களை நட்டு, அந்தக் கம்பம் உள்ள இடத்தில் மட்டும் தங்கலாம் என்று மாற்றிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் இன்னும் இலவசம்தான், ஆனால் எண்ணிக்கை குறைவு. கிரெஸ்டட் பியூட் என்ற ஊரைச் சுற்றி ஸ்லேட் ரிவர், வாஷிங்டன் கல்ச் போன்ற பள்ளத்தாக்குகளில் 2021ல் இப்படி மாற்றினார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு மேலே ராம்பார்ட் ரேஞ்ச் ரோட்டிலும், நெடர்லாண்டை ஒட்டிய கோர்டன் கல்ச், வெஸ்ட் மாக்னோலியா பகுதிகளிலும் இதே முறையைக் கொண்டுவந்தார்கள். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும் இடம் எதுவானாலும் 'மாறியிருக்கும்' என்று எடுத்துக்கொண்டே தேடுங்கள்.

மாறியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே நல்ல வழி, அந்தப் பகுதியின் ரேஞ்சர் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு போன் செய்வது. நம் ஆட்கள் அரசு அலுவலகம் என்றதும் தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம். 'எங்கே தங்கலாம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'இந்த எண் ரோட்டில் எம்.வி.யு.எம்.மில் புள்ளி போட்டிருக்கிறது, இப்போது திறந்திருக்கிறதா, ராவ்4 போகுமா, தீத்தடை எந்த நிலையில் இருக்கிறது' என்று கேளுங்கள். பேச்சே மாறிவிடும். ஒருமுறை எதிர்முனையில் இருந்த அம்மா, "அந்த ரோடு நேற்று மழையில் அரித்துவிட்டது, பதிலாக அடுத்த ரோட்டில் மூன்றாவது கல்வெர்ட்டை (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) தாண்டிப் பாருங்கள்" என்றார். எந்த ஆப்பும் அதைச் சொல்லியிருக்காது. வார நாட்களில்தான் ஆபீஸ் இருக்கும், சில இடங்களில் ஆளே குறைவு. அதனால் புதன், வியாழனிலேயே பேசிவிடுங்கள்.

ரோட்டில் திரும்பியதும் எண் பலகையைக் கவனியுங்கள். எண் படுக்கையாக எழுதியிருந்தால் சாதாரண கார் போகும் அளவுக்குப் பராமரிக்கும் ரோடு. எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, செங்குத்தாக எழுதிய குறுகிய பலகை என்றால் தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும். எங்கும் நூறு சதவீதம் பிசகாத அடையாளம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருட்டில் முடிவெடுக்க இதைவிட நல்லது இல்லை. உங்கள் ராவ்4 நல்ல வண்டி. வாஷ்போர்டு மாதிரி அலை அலையாக இருக்கும் மண் ரோட்டில் தாராளமாகப் போகும். பாறைப் படிகளில் போகாது. சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். அந்த ஐந்து நிமிட நடை, டோ வண்டிக்காரருக்குக் கொடுக்கும் பல நூறு டாலரை மிச்சம் பிடிக்கும்.

கிளம்பும் நேரமும் முக்கியம். வியாழன் இரவு அல்லது வெள்ளி மதியத்துக்குள் போய்விட்டால் தேர்ந்தெடுத்துத் தங்கலாம். வெள்ளி மாலை என்றால் கிடைத்த இடம். சனிக்கிழமை மாலை, ஜூலை மாதம், டென்வருக்குப் பக்கம் என்றால், முருகா என்று திரும்பி வந்து வீட்டுக் கொல்லையில் டென்ட்டைப் போடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே வெறும் மண்ணாகிவிட்ட இடத்திலேயே டென்ட்டைப் போடுங்கள். பக்கத்தில் புல் அழகாக இருக்கிறது என்று புதிதாக ஒரு வட்டத்தை உண்டாக்காதீர்கள். இந்த உயரத்தில் புல் திரும்ப முளைக்கப் பல வருடம் பிடிக்கும். ஓடையிலிருந்து, ஏரியிலிருந்து 200 அடி தள்ளி, அதாவது பெரியவர் ஒருவர் எழுபது தப்படி நடக்கும் தூரம் தள்ளிப் போடுங்கள். பல காடுகளில் 100 அடி என்பது சட்டம், 200 என்பது நல்ல பழக்கம். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். புதிதாக வருகிறவர் யாரும் இதைச் செய்வதில்லை. 1990களின் கடைசியிலிருந்து பட்டை வண்டு தின்று கொலராடோவில் லாட்ஜ்போல் பைன் மரங்கள் லட்சக்கணக்கான ஏக்கரில் செத்து நிற்கின்றன. இலை உதிர்ந்து, பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் நிற்கும் மரம் காற்றே இல்லாமல்கூட விழும். டென்ட்டைச் சுற்றி, மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குச் செத்த மரம் இருக்கக் கூடாது. எவ்வளவு நல்ல இடமானாலும் இந்த ஒரு காரணத்துக்காக நான் விட்டுவிட்டுப் போவேன்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். காடு காய்ந்ததும் தீத்தடை அறிவிப்பார்கள். முதல் நிலைத் தடை என்றால், கேம்ப்கிரவுண்டில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும் விறகு எரிக்கலாம். டிஸ்பர்ஸ்டு இடத்தில் கல் அடுக்கி வைத்த பழைய குழி இருந்தாலும் எரிக்கக் கூடாது. இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் நிலை என்றால் விறகு எங்குமே கூடாது. திருகினால் அணையும் கேஸ் ஸ்டவ் மட்டும் பொதுவாக இரண்டிலும் அனுமதி. ஆனாலும் அந்த வாரத்து உத்தரவைப் படித்துவிட்டே போங்கள். 2002ல் டென்வருக்குத் தென்மேற்கே ஹேமன் தீ சுமார் 1,38,000 ஏக்கரை எரித்தது. தீத்தடை இருந்த நேரத்தில் முகாம் குழி ஒன்றில் வைத்த நெருப்பு அது. வைத்தவர் ஃபாரஸ்ட் சர்வீஸ் ஊழியரே. 2016 ஜூலையில் நெடர்லாண்டுக்குப் பக்கத்தில் முகாமிட்டவர்கள் நெருப்பைச் சரியாக அணைக்காமல் போனதில் எட்டு வீடுகள் சாம்பலாயின. இரண்டுமே சின்ன நெருப்பாகத் தொடங்கியவைதான்.

சரி, தடை இல்லாத நாளில் எரிக்கிறீர்கள். அணைப்பது எப்படி என்றால், ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவதில்லை. மண்ணுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் அடிவரைக்கும் கிளறி, கரியைப் புரட்டி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பல் தோசை மாவு பதத்துக்கு வர வேண்டும். அப்புறம் புறங்கையை மேலே காட்டி, சூடு தெரியாவிட்டால் சாம்பலுக்குள்ளேயே கையை விட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் அணையவில்லை என்று அர்த்தம். இதற்கு மட்டுமே தனியாக ஐந்து கேலன் தண்ணீர் கொண்டு போவேன்.

சமையல் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாயிரம் அடியில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடாகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் வைத்தாலும் பல்லில் கடிபடும், கேஸ் உருளைதான் தீரும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள். வெள்ளைக்காரர்களின் பட்டியல் எதிலும் இது இருக்காது. அந்த அமைதியில் மூன்று விசில் வருவதைக் கேட்டுப் பக்கத்து முகாமிலிருந்து ஒருவர் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார், பிறகு கிச்சடி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் வாசனை கரடிக்கும் எட்டும். கொலராடோவில் இருப்பது கறுப்புக் கரடிதான்; பொதுவாக மனிதனைக் கண்டால் ஒதுங்கும், சோற்றைக் கண்டால் ஒதுங்காது. உணவு, குப்பை, பற்பசை, தாளித்த வாணலி, பிள்ளைகள் பையில் ஒளித்துவைத்த முறுக்கு, எல்லாம் இரவில் பூட்டிய வண்டிக்குள். கரடிக்குக் கார்க் கதவின் கைப்பிடியை இழுக்கத் தெரியும், அதனால் பூட்டுவது என்றால் நிஜமாகவே பூட்டுவது. டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். மிச்சச் சோற்றைக் காக்காய்க்கு வைப்பது போல ஒரு கல்லில் வைத்துவிட்டு வரும் பழக்கம் நமக்கு உண்டு. என் அம்மா வந்திருந்தபோது அதைத்தான் செய்தார். அதைத் தின்னச் சாம்பல் நிற ஜே பறவை ஒன்று உடனே வந்தது, அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த இடத்தில் சோறு கிடைக்கும் என்று கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால் கடைசியில் அதைச் சுட்டுக் கொல்வதில்தான் முடியும். அம்மாவிடம் அதைச் சொன்னதும் அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கழிப்பறை விஷயத்தைக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன். ஒரு சின்ன மண்வெட்டி. தண்ணீரிலிருந்தும், பாதையிலிருந்தும், முகாமிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக் குழி. முடிந்ததும் மூடிவிட வேண்டும். டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். நரி தோண்டிப் போட்ட காகிதங்கள் கிடக்காத பழைய முகாம் இடமே இல்லை. நமக்குத் தண்ணீர் பழக்கம் இருப்பது இந்த ஒரு இடத்தில் பெரிய வசதி. பாறையும் வேருமாக இருந்து குழி தோண்டவே முடியாத இடங்களுக்கு, ஜெல்பொடி போட்ட பைகள் கடைகளில் கிடைக்கும்.

பிள்ளைகள் இருப்பதால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். முதலாவது உயரம். டென்வர் 5,280 அடி. முதல் தடவையே பதினோராயிரம் அடியில் படுக்கவைத்தால் தலைவலி, வாந்தி வரலாம், குழந்தை காரணம் சொல்லத் தெரியாமல் அழும். முதல் முறை 8,500, 9,000 அடிக்குள் இருக்கட்டும். அங்கேயே ஜூலை இரவில் குளிர் நாலைந்து டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் இடி மின்னல் கிட்டத்தட்ட தினசரி வழக்கம். மரமில்லாத மேட்டில் அந்த நேரத்தில் இருக்காதீர்கள். இரண்டாவது, துப்பாக்கிச் சத்தம். நேஷனல் ஃபாரஸ்ட்டின் பெரும்பகுதியில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. முகாமிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, ரோட்டைத் தாண்டிச் சுடக் கூடாது என்று விதி இருக்கிறது. மண்மேட்டின் முன்னால் தோட்டா உறைகளும் உடைந்த புட்டிகளும் சிதறிக் கிடந்தால் அது சுடுகிறவர்கள் வழக்கமாக வரும் இடம். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேட்டைக் காலம், எல்லோருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியாவது வாங்கிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். 285ஆம் நெடுஞ்சாலையில் கெனோஷா பாஸ் தாண்டி, பைக் காட்டின் சவுத் பார்க் டிஸ்ட்ரிக்ட் எம்.வி.யு.எம்.மை இறக்கிக்கொள்வேன். லாஸ்ட் பார்க் ரோடு போன்ற நீளமான மண் ரோடு ஒன்றைப் பிடிப்பேன். தொடக்கத்தில் தனியார் பண்ணை நிலம் வரும், காட்டு எல்லைப் பலகையைத் தாண்டும்வரை நிறுத்த மாட்டேன். ஒன்று கவனியுங்கள்: அந்தப் பக்கம் உயரம் ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விடும், அதனால் முதல் வருகையில் பிள்ளைகளோடு பகலில் மட்டும் போய், சாப்பிட்டு, விளையாடி, திரும்பும்போது காலியாக இருக்கும் இடங்களைப் போனில் குறித்துக்கொண்டு வருவேன். இரவு தங்குவது அடுத்த முறை. தாழ்வான இடமாக வேண்டுமென்றால் அதே காட்டின் சவுத் பிளாட் டிஸ்ட்ரிக்ட் வரைபடத்தைத் திறந்து, அங்கே புள்ளி போட்ட ரோடுகளைப் பாருங்கள். எந்த ரோட்டைப் பிடித்தீர்கள், சாட்டிலைட் படத்தில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ரோடாக இருந்தால் ராவ்4 எதுவரை போகும் என்று சொல்கிறேன்.